எங்கள் ஊர் பச்சையாகத் தெரிகிறது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். அப்படித் தொடங்கினால் அடுத்து எழுத வேண்டிய எதுவும் அதோடு ஒட்டாது. அதனால் நலம் விசாரிப்பை உன் பக்கம் மட்டும் வைத்துக்கொள்கிறேன். குளிர் எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை இன்னும் ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு வேலைக்கு ஓடுகிறாயா?

போனில் பேசாமல் எதற்கு இந்த மெயில் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். பிறகு பிடுங்கி அவரே பேசுகிறார். "நல்லா இருக்கேன் மச்சான். நீ சாப்டியா? சரி, வெச்சிர்றேன்." எல்லாம் குட்டிக் குட்டி வாக்கியமாக இருப்பதை நீ கவனித்தாயோ இல்லையோ. மூச்சை அடக்கிக்கொண்டு அவ்வளவுதான் பேச முடிகிறது அவருக்கு. போனை வைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுகிறார். நீ அந்தப் பக்கம் மாமா ஜோராக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். அதனால்தான் என் தையல் கடையில், பூவேலை மெஷினுக்காக வாங்கிய கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் திருத்திப் படி.

மலைக்குப் பின்னால் காடு எரிவதைச் செய்தியில் பார்த்திருப்பாய். நடுவில் மலை இருக்கிறது, ஆறு இருக்கிறது, நமக்கென்ன என்று நாங்கள் தைரியமாக இருந்தோம். தீ வரவில்லை, புகை வந்துவிட்டது. வானம் வெளுக்காத பழைய சட்டை மாதிரி மஞ்சளாகக் கிடக்கிறது. சூரியனை வெறும் கண்ணால் பார்க்கலாம். பள்ளிச் சட்டை தைத்து மாட்டிவைத்தால் மறுநாள் தோள்பட்டையில் கருப்புக் கோடு விழுந்திருக்கிறது. எல்லாவற்றையும் மறுபடி துவைத்துக் கொடுக்கிறேன்.

இதில் இன்னொரு கொடுமை. மலைப்பாதையை மூடிவிட்டார்கள். அந்தப் பக்கம் போகிற லாரிகள் அத்தனையும் இப்போது உன் மாமா கூண்டில் உட்கார்ந்து பணம் வசூலிக்கும் பாலத்து டோலுக்குத்தான் வருகின்றன. வரிசை சந்தை வரை நிற்கிறது. நின்றுகொண்டிருக்கிற எந்த வண்டியும் இன்ஜினை அணைப்பதில்லை. அந்தக் கூண்டின் ஜன்னலையும் மூட முடியாது, மூடினால் பணத்தை எப்படி வாங்குவது? கூண்டுக்குள் ஒரு மின்விசிறி வைத்திருக்கிறார்கள், அது ரோட்டுப் புகையை இழுத்து அவர் முகத்திலேயே அடிக்கிறது. வலது நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்த மனிதர், எட்டி எட்டி லாரிக்காரர்களிடம் சில்லறை வாங்கிக்கொண்டிருக்கிறார். டோலில் அவருக்குப் பெயரே சில்லறைதான், தெரியுமல்லவா? யாரையும் மீதி இல்லாமல் அனுப்பமாட்டார்.

காற்று மோசமான நாளில், டாக்டர் சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்று அங்கே ஒரு விதி இருக்கிறது. முன்பெல்லாம் பஸ் நிலையத்துக் கம்பத்தில் மாட்டியிருந்த, காற்றை அளக்கிற மெஷினைப் பார்த்துத்தான் அதை முடிவு செய்வார்கள். அந்த மெஷின் வேலை செய்த நாளை யாரும் பார்த்ததில்லை. அதற்குள் காக்கை கூடு கட்டியிருந்தது. நீ அந்தச் சாட்டிலைட் வேலையில் சேர்ந்த புதிதில், உன் மாமா தலைகால் புரியாமல் ஆடி, சங்கத்துக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு போய், இனிமேல் சாட்டிலைட் படத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினாரே, ஞாபகம் இருக்கிறதா? "சாட்டிலைட்ல காக்கா கூடு கட்டாது சார், அதைப் பாத்துக்கறது என் மச்சான்" என்று மேனேஜர் முன்னால் சொன்னாராம். அன்று முதல் தினமும் காலையில் அந்தப் படத்தை அச்செடுத்து டோல் ஆபீஸ் பலகையில் ஒட்டுகிறார்கள். நம் ஊர் சிவப்பாக இருந்தால் விடுப்பு.

தம்பி, நம் ஊர் பச்சையாக இருக்கிறது.

தினமும் பச்சை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு மாடி தெரியவில்லை, போனைத் திறந்தால் பச்சை. புகை வருவதற்கு முன்னால்கூட நாலு நாள் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும். இப்போது இளம்பச்சை, பார்க்கவே குளுகுளுவென்று. "லீவு போடுங்க" என்றால், "பச்சைடி, மச்சான் பொய் சொல்லமாட்டான்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். உங்கள் சாட்டிலைட்டுக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டதா? யாரையாவது அனுப்பித் துடைக்கச் சொல்லேன்.

சீக்கிரம் பதில் போடு.

உன் அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் வந்தது. இவ்வளவு நீளமாக நீ எனக்கு எழுதியதே இல்லை. நடுவில் நிறுத்தி நிறுத்தி, பட்டன் தைத்துக்கொண்டே படித்தேன். எனக்குப் புரிந்தது சரிதானா என்று பார்.

சாட்டிலைட் மூக்கு வைத்து மோந்து பார்ப்பதில்லை. வெயில் மேலிருந்து கீழே வந்து, தரையில் பட்டுத் திரும்ப மேலே போகிறது. போகிற வழியில், வண்டிகள் கக்குகிற அந்த வாயு (பெயரை எழுதியிருந்தாய், எனக்கு வாயில் நுழையவில்லை) வெளிச்சத்தில் குறிப்பிட்ட சில நிறங்களைக் கொஞ்சம் தின்றுவிடுகிறது. எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்த்து, கீழே எவ்வளவு வாயு என்று நீங்கள் கணக்குப் போடுகிறீர்கள். இப்போது காட்டுப் புகை உயரத்தில் ஒரு போர்வையாக நிற்கிறது. வெளிச்சம் அதில் பட்டு அங்கேயே திரும்பிவிடுகிறது. கீழே வந்தால்தானே எங்கள் லாரிப் புகை அதைத் தின்ன முடியும்? தின்னப்படாமல் முழுசாகத் திரும்பி வருவதைப் பார்த்து, கீழே வாயு குறைவு என்று கணக்கு நினைத்துக்கொள்கிறது. இதுபோதாதென்று புகையை மேகம் என்று வேறு எண்ணிக்கொண்டு, மேகத்துக்கான திருத்தத்தைப் போட்டு இன்னும் குழப்பிக்கொள்கிறது.

அப்படியென்றால் எங்கள் தலைக்கு மேல் புகை கூடக்கூட, நாங்கள் சுத்தமாகத் தெரிவோம். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபிறகு கொஞ்ச நேரம் தையல் ஓடவில்லை.

இதை உன் மாமாவிடம் சொன்னேன். போர்வை கதை வரை கேட்டார். பிறகு, "அவங்க படிச்சவங்க. அதுக்கெல்லாம் ஏதாவது செஞ்சுதான் வெச்சிருப்பாங்க" என்றார். உங்கள் மச்சானேதான் எழுதியிருக்கிறான் என்று திரையைக் காட்டினேன். படித்தார். பிறகு அவர் சொன்னதைக் கேள். "பாவம், அவன் அக்கா மனசு நோகக் கூடாதுன்னு எழுதியிருக்கான்." நான் என்ன செய்யட்டும்?

அவரை விட்டுவிட்டு நானே டோல் மேனேஜரைப் பார்க்கப் போனேன். கெட்டவர் இல்லை அவர். நாற்காலி போட்டார், டீ கொடுத்தார். மேஜை மேல் தூசி படிகிறது என்று செய்தித்தாள் விரித்து வைத்திருந்தார். நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கே மூச்சு முட்டுதும்மா, நான் இல்லேன்னு சொல்லல" என்றார். ஆனால் படத்தில் பச்சை இருக்கும்போது விடுப்பு கொடுத்தால் மேலே கேட்பார்களாம். சம்பளமில்லாத விடுப்பு கேட்கலாமா என்றேன். கேட்கலாம், ஆனால் பச்சை நாளில்கூட உட்கார முடியாதவர் என்று எழுதினால், இந்த வேலைக்கே உடம்பு தகுதியில்லை என்று ஆகிவிடும், அப்புறம் கூண்டு கிடையாது என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

நீ ஒன்று செய்ய முடியுமா என்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எங்கள் ஊர் அந்தப் படத்தில் ஒரு சின்னக் கட்டம். அந்த ஒரு கட்டத்தை மட்டும் சிவப்பாக்கினால் யாருக்கு என்ன நஷ்டம்? சட்டையில் கறை தெரிகிற இடத்தில் ஒரு பூ தைத்துவிடுவேன் நான். அதுபோல ஒரே ஒரு கட்டம். உங்களுக்குப் பெரிய ஆபீஸ், யார் கவனிக்கப்போகிறார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

நீ கோபமாகத்தான் எழுதியிருக்கிறாய், ஆனாலும் மரியாதையாக எழுதியிருக்கிறாய். நீங்கள் எண்ணைத்தான் கொடுக்கிறீர்கள், நிறம் போடுவது வேறு ஆபீஸ். எண்ணைக் கையால் மாற்றினால் அது திருட்டு. ஒரு கட்டத்தை மாற்றுகிறவன் எந்தக் கட்டத்தையும் மாற்றுவான், பிறகு எந்த ஊரும் எந்தப் படத்தையும் நம்பாது. எல்லாம் சரி. சின்ன வயதில் விளையாட்டில் தோற்றாலும் ஏமாற்றமாட்டாய், அழுதுகொண்டே வீட்டுக்கு வருவாய். நீ மாறமாட்டாய் என்று தெரிந்துதான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் நீ மாற்றாமலே மாறிவிட்டது! நேற்று உன் மாமா பாத்ரூமிலிருந்து கத்தினார். நான் என்னவோ ஏதோ என்று ஓடினேன். பல் தேய்க்கிற நுரையோடு போனை நீட்டுகிறார், எங்கள் கட்டம் சிவப்பு. வெளிர் சிவப்பு இல்லை, அடர்ந்த சிவப்பு. "பாத்தியா, மச்சான் பாத்துட்டான்" என்கிறார். அன்று முழுதும் வீட்டில் இருந்தார். ஜன்னலிடுக்கில் நான் ஈரத்துணி சொருகியிருந்தேன். கட்டிலில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போனைக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கூண்டில் இருக்கிற பெண் போன் செய்து, "சில்லறை அண்ணே, உங்க மச்சானுக்கு ஒரு நன்றி சொல்லுங்க" என்றாளாம். அவளுக்கு ஆஸ்துமா, அவளுக்கும் அன்று விடுப்பு. அன்று மதியம் அவர் நன்றாகத் தூங்கினார். நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். விசில் சத்தமில்லாமல் மூச்சு போய் வந்தது.

சாயங்காலம் உனக்கு நன்றி எழுதலாம் என்று கடைக்குப் போனால், உன் மெயில் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சிவப்பும் தப்பு என்கிறாய். காற்று திரும்பி, உயரத்துப் புகை கீழே இறங்கி, லாரி வாயுவோடு கலந்துவிட்டது. கலந்தால் வெளிச்சம் அதற்குள் அங்குமிங்கும் மோதி மோதி நெடுநேரம் சுற்றுகிறது, வாயுவும் கூடுதலாகத் தின்றுவிடுகிறது. அதனால் இருப்பதைவிட அதிகமாகக் கணக்காகிவிட்டது. உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது, எங்கே என்று சொல்ல முடியவில்லை. இதையெல்லாம் மேலிடத்தில் சொல்லப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய்.

டேய், உனக்குக் கொஞ்சமாவது இருக்கிறதா? பச்சையாக இருந்தபோது அந்தத் தப்பைத் திருத்த உன்னால் முடியவில்லை. சிவப்பானதும் உடனே திருத்தக் கிளம்பிவிட்டாய். உனக்கு இரண்டு தப்பும் ஒன்று, தெரியும். எனக்கு ஒன்று இல்லை. ஒரு தப்பில் அவர் கூண்டில் உட்கார்ந்திருக்கிறார், ஒரு தப்பில் வீட்டில் தூங்குகிறார். இந்தத் தப்பை எங்களுக்கு விட்டுவிடு. புகை அடங்கிய பிறகு நிதானமாகத் திருத்திக்கொள், நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சொல்வதைச் சொல்லாமல் இருப்பதும் பொய் என்று நீ வாதம் பண்ணுவாய். பண்ணு. ஒரு வாரம் கழித்துப் பண்ணு.

இன்று காலை காற்று மறுபடி திரும்பிவிட்டது. பச்சை. அவர் போய்விட்டார்.

திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். அக்கா திட்டாமல் யார் திட்டுவார்கள்?

உன் அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொல்லிவிட்டாய் போலிருக்கிறது. கூட்டத்தில் வாதாடி, கெஞ்சி, பழைய கணக்கையெல்லாம் காட்டி நிரூபித்திருக்கிறாய். புகை இருக்கிற கட்டங்களை நம்ப முடியாது, நம்ப முடியாததை நிறம் போட்டு வெளியிடக் கூடாது என்று எல்லோரையும் ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறாய். உன்னைப் பாராட்டினார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். நல்லதுதான் தம்பி. வேறு நாளாக இருந்தால் நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

இப்போது எங்கள் ஊர் வெள்ளை. எங்கள் ஊர் மட்டும் இல்லை, மலையைச் சுற்றி எல்லாமே வெள்ளை. பார்க்க முடியவில்லை என்று அர்த்தம் என நீ எழுதியது எனக்குப் புரிகிறது. உண்மையும் அதுதான். அந்த அச்செடுத்த படத்தை எடுத்துக்கொண்டு மறுபடி மேனேஜரிடம் போனேன். வெள்ளை என்றால் பச்சை இல்லை சார், தெரியவில்லை என்றுதான் சொல்கிறார்கள், தெரியாத காற்றில் எப்படி ஆளை உட்கார வைப்பீர்கள் என்று கேட்டேன். அவர் விதித் தாளை எடுத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நிதானமாகப் படித்தார். சிவப்பு என்று இருக்கிறது. வெள்ளை என்று எங்கேயும் இல்லை. "சிவப்பு இல்லாத நாள்னுதாம்மா இதை எடுத்துக்கணும்" என்றார். மேலே எழுதிக் கேட்டிருக்கிறாராம். பதில் வரும்வரை அப்படித்தானாம். வாசல்வரை வந்து வழியனுப்பினார். என்னால் அவரைத் திட்டவும் முடியவில்லை.

பச்சையாக இருந்தபோதாவது காற்று எப்போது திரும்பும், எப்போது சிவக்கும் என்று ஓர் ஆசை இருந்தது. இப்போது அதுவும் இல்லை. எவ்வளவு புகைந்தாலும் வெள்ளைதான். நீ சரியானதைத்தான் செய்தாய். செய்த பிறகு இங்கே கதவு இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டது. இதற்கு யாரைக் குற்றம் சொல்வது என்று யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒருவரும் கிடைக்கவில்லை. உன்னைச் சொல்லமுடியாது. மேனேஜரைச் சொல்லமுடியாது. லாரிக்காரர்களுக்கும் வேறு வழி இல்லை. காட்டைப் போய்த் திட்ட முடியுமா?

டோலில் சிலர் கேலி செய்கிறார்களாம். "என்ன சில்லறை, உன் மச்சான் கடையை மூடிட்டானா?" என்று. அவர் சிரித்துக்கொண்டே வந்துவிடுகிறார். வீட்டுக்கு வந்து என்னிடம்தான் சொல்கிறார். சொல்லிவிட்டு, இதை மச்சானுக்கு எழுதாதே, வருத்தப்படுவான் என்கிறார்.

இப்போது படுத்துத் தூங்க முடிவதில்லை அவரால். நாற்காலியில் உட்கார்ந்து, மேஜையில் தலையணை வைத்து, அதன் மேல் கவிழ்ந்து கொஞ்சம் கண்ணயர்கிறார். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று, ஏதோ யோசிப்பவர் மாதிரி சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரைப் பார்க்கிறார். அந்தக் காலண்டர் போன வருடத்தினுடையது. நான் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் பேச வேண்டியிருக்கும், பேசினால் மூச்சு செலவாகும்.

வேலையை விட்டுவிடுங்கள், நான் தைத்துப் போடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அழுதும் பார்த்தேன். அப்போது அவர் சொன்னதுதான் என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. "ஊர்ல எல்லாரும் இந்தக் காத்தைத்தானே சுவாசிக்கறாங்க? பச்சையா இருந்தப்பவே எனக்கு முடியல. காத்துல ஒண்ணுமில்லடி. எனக்குள்ளதான் என்னமோ கெட்டுப்போச்சு" என்றார். உன் படம் பச்சையாக இருந்த அத்தனை நாளும், அவர் தன்னைத்தான் நோயாளி என்று நினைத்திருக்கிறார். லாரியை நினைக்கவில்லை, புகையை நினைக்கவில்லை. தன் நெஞ்சைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். நான் என்ன சொன்னாலும் ஏறவில்லை.

தைக்க உட்கார்ந்தால் கண்ணில் நீர் வந்து நூல் கோர்க்க வரவில்லை. புகையினால் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொள்கிறேன்.

உனக்கு ஏதாவது வழி தெரிந்தால் எழுது. தெரியாவிட்டாலும் எழுது.

உன் அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, போனில் தட்டுகிறேன். உன் மாமா உள்ளே இருக்கிறார்.

கூண்டிலேயே விழுந்துவிட்டார். விழுந்தார் என்றுகூட உடனே யாருக்கும் தெரியவில்லை. தடுப்புக் கட்டை இறங்கியபடியே இருந்திருக்கிறது, லாரிகள் ஹாரன் அடித்திருக்கின்றன. பக்கத்துக் கூண்டுப் பெண் எட்டிப் பார்த்தபோது, கீழே விழுந்த காசைக் குனிந்து தேடுகிறார் என்று நினைத்தாளாம். எப்போதும் அப்படித் தேடுகிறவர்தானே. பிறகுதான் ஓடியிருக்கிறாள். மேனேஜர் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். இன்னும் போகவில்லை, வாசலில் நிற்கிறார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ சொல்ல வாயெடுத்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார்.

இங்கே கட்டில்கள் போதவில்லை. வராந்தாவிலும் போட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் மூச்சுதான். ஜன்னல்களில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறார்கள், காற்றடித்தால் அது உப்பி உப்பி அடங்குகிறது. உன் மாமாவுக்கு முகமூடி மாட்டி ஆக்சிஜன் போகிறது. அப்படியும் ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை. டாக்டர் சின்னப் பெண், நாள் கணக்கில் தூங்காதவள் போல இருக்கிறாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சொந்தக்காரங்க யாராச்சும் வெளியூர்ல இருந்தா சொல்லிடுங்கம்மா" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

நீ கிளம்பிவிட்டதாகவும், இங்கே புகையால் விமானம் இறங்க முடியாமல் ரத்தாகி, பாதி வழியில் வேறு ஊரில் உட்கார்ந்திருப்பதாகவும் உன் செய்தி பார்த்தேன். பதறாதே. தரைவழியாக வருகிறேன் என்று மலைப்பாதைப் பக்கம் போய்விடாதே, அங்கே இன்னும் எரிகிறது. நீ இருக்கிற இடத்திலேயே இரு. நீ எனக்கு முழுசாக வேண்டும்.

மன்னிப்பு மன்னிப்பு என்று எழுதியிருக்கிறாய். போதும் நிறுத்து. உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தச் சிவப்பு நாளை நீ தொடாமல் விட்டிருக்கலாம் என்று இப்போதும் ஒரு மனது சொல்கிறது. இன்னொரு மனது, நீ அப்படிப்பட்டவனாக இருந்திருந்தால் உன் மாமா உன்னை இவ்வளவு நம்பியிருக்கமாட்டார் என்கிறது. இரண்டு மனதும் சண்டை போடட்டும். எனக்கு இப்போது அதற்கு நேரமில்லை. உன்னிடம் ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

காலையில் கொஞ்சம் தெளிவாக இருந்தார். கையால் முகமூடியைத் தள்ளிவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். நான் வேண்டாம் வேண்டாம் என்று மாட்டப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு சொல்லாகத்தான் சொன்னார். "மச்சான்கிட்ட சொல்லிடு. படத்து மேல தப்பில்ல. டோல்ல கேட்டா, என் உடம்புதான் சரியில்லன்னு சொல்லிடு. அவன் பேரு கெடக் கூடாது." இதைச் சொல்லத்தான் தம்பி, அந்த மூச்சைச் செலவழித்தார்.

காற்றுதான் கெட்டது, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று அவர் காதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். குழந்தைக்குச் சமாதானம் சொல்கிறேன் என்று நினைத்துத் தலையை ஆட்டுகிறார். டாக்டர் பெண்ணையும் சொல்ல வைத்தேன். அவளுக்கும் அதே தலையாட்டல்தான். நாங்கள் சொன்னால் ஆறுதல். நீ சொன்னால்தான் அவருக்கு உண்மை. ஊரே இருட்டிக்கிடந்தபோதும் நீ காட்டிய பச்சையை நம்பினவர் அவர்.

அதனால் நீ எழுது. வெளிச்சம் எப்படிப் போகிறது, எப்படித் திரும்புகிறது என்றெல்லாம் வேண்டாம். அதைக் கேட்க அவருக்கு இப்போது மூச்சில்லை. அந்த நாட்களுக்கு உன்னிடம் எண் எதுவும் இல்லை, எண் இல்லாமல் நீ எதையும் சொல்லமாட்டாய் என்று எனக்குத் தெரியும். நீ மேலேயிருந்து பார்க்க முடியாத இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வராந்தாவில் வரிசையாகக் கட்டில்களைப் பார்க்கிறேன். என் கண்ணை நம்பி எழுது. "மாமா, காத்து ரொம்ப மோசமா இருந்துச்சு. எங்களுக்குத்தான் தெரியல. உங்க மேல தப்பே இல்ல." இவ்வளவு போதும். உன் பெயரைப் போட்டு எழுது. நான் திரையை அவர் கண்ணுக்கு நேராகப் பிடிக்கிறேன், பார்க்க முடியாவிட்டால் காதில் படிக்கிறேன். தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டு அவர் போகக் கூடாது.

நீ நன்றாக இருக்க வேண்டும். அழுதுகொண்டிருந்தால் முகத்தைக் கழுவிவிட்டு எழுது. எழுத்து நன்றாக வரவில்லை, அப்புறம் யோசித்து எழுதலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதே.

உன் அக்கா